விபத்து இழப்பீடு: வழக்கிலிருந்து சமரசம் வரை

சாலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பணமாக ஈடு தர வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் ஒரு நியாயம். ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பொதுச் சட்டத்தில் அந்த நியாயத்துக்கு இடமில்லை. காயம்பட்டவர் உயிரோடு இருந்தால் அவர் வழக்குப் போடலாம். இறந்துவிட்டால் அவருடைய உரிமையும் அவரோடு போய்விடும். 1808-இல் இங்கிலாந்தில் குதிரை வண்டி கவிழ்ந்து மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். தன் காயங்களுக்கும், விபத்துக்குப் பின் மனைவி உயிரோடு கிடந்த காலத்தில் அவர் துணையை இழந்ததற்கும் மட்டுமே அவருக்கு ஈடு கிடைத்தது. ஒரு மனிதரின் சாவை உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பாகக் காட்ட முடியாது என்று நீதிபதி எல்லன்பரோ பிரபு கூறிவிட்டார். காயப்படுத்தியவர் பணம் கட்ட வேண்டும், கொன்றவர் கட்ட வேண்டாம் என்ற இந்த விபரீதம் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தது.

ரயில் வந்தபின்தான் அது தாங்க முடியாததாயிற்று. ஒரே விபத்தில் பல குடும்பங்கள் சம்பாதிப்பவரை இழந்தன. 1846-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தை இயற்றியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் 1855-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் வந்தது. பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடி அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான தென்னிந்தியாவின் முதல் பாதை 1856 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அந்த வகையில் சென்னை மாகாணத்தில் ரயில் ஓடுவதற்கு முன்பே ரயில் சாவுக்கான சட்டம் வந்து காத்திருந்தது. இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் தங்களுக்கு நேர்ந்த பண இழப்பைக் கேட்கலாம் என்றது அது. ஆனால் எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்ப இந்திய நீதிமன்றங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

கணக்கு முதலில் வந்த இடம் தொழிற்சாலை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கை போனால், கண் போனால், விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று அது அட்டவணை போட்டது. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்தது என்றால் போதும். தொழிலாளிக்குக் கிடைத்த இந்த வசதி, தெருவில் நடந்துபோகும்போது லாரி மோதியவருக்குக் கிடைக்கவில்லை. அவர் சிவில் வழக்குப் போட்டு, கேட்கும் தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணம் கட்டி, ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியிருந்தது. வென்றாலும் ஓட்டுநரிடமோ வண்டிக்காரரிடமோ பணம் இருக்காது.

இந்தக் கடைசிச் சிக்கலைத்தான் கட்டாயக் காப்பீடு தீர்த்தது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே மூன்றாம் நபர் காப்பீடு பற்றிய அத்தியாயம் இருந்தபோதிலும், அது 1946 ஜூலை 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதன்பின் விபத்து வழக்கில் உண்மையான எதிர்தரப்பு வண்டியின் உரிமையாளர் அல்ல, காப்பீட்டு நிறுவனம்தான் என்றாயிற்று. அடுத்து, 1956-இல் திருத்தம் செய்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி வகுத்தார்கள். விரிவான வழக்குரைக்குப் பதில் ஒரு மனு; சிவில் வழக்கைவிட எளிய நடைமுறை; மிகக் குறைந்த கட்டணம். மனுப் போடத் தொடக்கத்தில் 60 நாள் கெடு இருந்தது, பிறகு அது ஆறு மாதமாயிற்று. தமிழ்நாட்டில் இந்த மனுக்கள் எம்.சி.ஓ.பி. என்ற எழுத்துகளோடு எண்ணிடப்படுகின்றன. மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும், சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றமும் தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றன.

எதிர்தரப்பின் முகமும் மாறியது. பொதுக் காப்பீட்டுத் தொழில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையாகி, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் அமைந்தது. அதே 1972-இல் தமிழக அரசு பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியது. அரசுப் பேருந்துகளுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறவும், பதிலுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தந்தது. ஆகவே தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. வழக்குகளில் ஒரு பெரும்பகுதி காப்பீட்டு நிறுவனத்தோடு நடக்கவில்லை, கழகத்தோடு நடந்தது. இதன் விளைவைப் பின்னால் காணலாம்.

தவறை நிரூபிக்கும் சுமை மட்டும் அப்படியே இருந்தது. குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானால் இழப்பீட்டு வழக்கும் தோற்க வேண்டும் என்று வண்டி உரிமையாளர்கள் வாதிட்டு வந்தனர். தமிழ்நாட்டில் ஒரு தனியார் பேருந்து தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசி எட்டுப் பேர் அங்கேயே இறந்த வழக்கில், ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையாகியிருந்தார். 1980-இல் பேருந்து உரிமையாளரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குற்றத்துக்கான நிரூபணம் வேறு, இழப்பீட்டுக்கான நிரூபணம் வேறு என்று தெளிவாகச் சொன்னார். அங்கே ஒரு சந்தேகம், இங்கே ஒரு தெளிவின்மை என்று காட்டி உரிமையாளர்கள் தப்பிவிடாமல் தீர்ப்பாயங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். இந்தத் துறையில் மனிதத்தன்மை சட்டமாக எழுதப்பட்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. 1982 அக்டோபர் முதல், யார் தவறு என்று பார்க்காமலே சாவுக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் உடனடியாகத் தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் இறந்தவர்களுக்கும் தனித் திட்டம் வந்தது. அப்போது 5,000 ரூபாய், 2022 முதல் 2 லட்சம்.

இத்தனை சட்டங்களையும் ஒரு குடும்பத்தின் கையில் பணமாக மாற்றியவர்களில் வக்கீலுக்கு அடுத்து வருபவர் வக்கீல் குமாஸ்தா. சட்ட வரலாறுகளில் அவருக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை, அது நியாயமில்லை. எம்.சி.ஓ.பி. என்பது சாட்சியங்களைவிட ஆவணங்களால் நிற்கும் வழக்கு. முதல் தகவல் அறிக்கை, விபத்து இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவை காவல் நிலையத்திலோ குற்றவியல் நீதிமன்றத்திலோ நகல் மனுப் போட்டு வாங்க வேண்டியவை. காயச் சான்றும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த குறிப்பும் மருத்துவமனையில். பிரேதப் பரிசோதனை அறிக்கை அரசு மருத்துவமனையில். வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகத்தில். வண்டியின் பதிவுச் சான்றையும் காப்பீட்டுப் பாலிசியின் எண்ணையும் தேடிப் பிடிக்க வேண்டும். அவை கிடைக்காவிட்டால் யார் மேல் வழக்கு என்பதே தெரியாது. சம்பளச் சான்று தரும் முதலாளிகள் குறைவு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஏது சம்பளச் சான்று? இந்த ஏழெட்டு வாசல்களில் ஏறி இறங்குவது குமாஸ்தாவின் வேலை. மனுவுக்கு எண் வாங்குவது, நோட்டீசுக்குப் படி கட்டுவது, வாய்தா தேதியைக் கட்சிக்காரருக்குச் சொல்லி அனுப்புவது, மருத்துவரைச் சாட்சி சொல்ல வரவழைப்பது, தீர்ப்பு நகல் வாங்குவது, கடைசியில் பணம் பெறும் மனுவைத் தாக்கல் செய்வது வரை வழக்கின் உடல் உழைப்பு முழுதும் அவருடையது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் பெரும்பாலும் பேசுவதும் அவரிடம்தான். இவர்களுக்கென ஒரு நலநிதிச் சட்டம் தமிழ்நாட்டில் மிகவும் பிந்தித்தான் வந்தது.

மறுதரப்பிலும் இதே மாதிரி ஓர் அணி உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் புலனாய்வாளர் விபத்து உண்மையா, வண்டி அதுதானா, ஓட்டுநரிடம் உரிமம் இருந்ததா என்று விசாரிக்கிறார். கோட்ட அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கும் அதிகாரி, நிறுவனத்தின் பட்டியலில் உள்ள வக்கீலிடம் கருத்துக் கேட்டு, போராடுவதா பேசி முடிப்பதா என்று குறிப்பு எழுதுகிறார். உரிமம் இல்லாத ஓட்டுநர் என்றால் முன்பு நிறுவனம் கையை விரித்துவிடும். 2004-இல் உச்ச நீதிமன்றம், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை உறுதிப்படுத்தியது.

ஆவணங்கள் சேர்ந்தாலும் தொகை என்ன என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. ஒரே வயது, ஒரே வருமானம் உள்ள இருவரின் குடும்பங்களுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விதமான தொகை தீர்ப்பாயிற்று. 1994-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், ஆண்டு இழப்பை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் முறையே சரியானது என்று தீர்மானித்தது. ஒரே நேரத்தில் கிடைக்கும் மொத்தத் தொகையின் வட்டியையும் முதலையும் கொண்டு, இறந்தவரைச் சார்ந்திருந்திருக்கக்கூடிய காலம் முழுதும் குடும்பம் வாழ முடிய வேண்டும் என்பதே அந்தப் பெருக்கு எண்ணின் பொருள். அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தோடு ஒரு ஆயத்த அட்டவணையையே இணைத்தது. அதில் கணக்குப் பிழைகள் இருந்தன. 1996-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சுட்டிக்காட்டியும் அட்டவணை திருத்தப்படவில்லை. ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்கு மேல் அதில் இடமே இல்லை. விலைவாசி எங்கோ போய்விட்ட பிறகும், 2018 வரை, 24 ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. ஏழைகளுக்கான விரைவு வழி என்று சொல்லித் திறக்கப்பட்ட பாதையில் அரசின் அலட்சியம் இத்தனை காலம் குறுக்கே கிடந்ததற்குச் சமாதானம் எதுவும் இல்லை.

நீதிமன்றமே இறுதியில் கணக்கை நேர்செய்தது. 2009-இல் சரளா வர்மா வழக்கின் தீர்ப்பு வயதுவாரியான பெருக்கு எண்களை நிலைநிறுத்தியது: 15 முதல் 25 வயது வரை 18, 31 முதல் 35 வரை 16, 46 முதல் 50 வரை 13, 65-க்கு மேல் 5. இறந்தவர் தனக்கென்று செலவிட்டிருக்கக்கூடிய பங்கு, மணமாகாதவருக்குப் பாதி. சார்ந்திருப்போர் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று. நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒன்று. அதற்கும் மேல் ஐந்தில் ஒன்று. 2017-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பிரணய் சேத்தி வழக்கில், நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றது: 40 வயதுக்கு உட்பட்டவருக்கு 40 சதவீதம், 50 வரை 25, 60 வரை 10. இறுதிச் சடங்குக்கு 15,000, சொத்து வகை இழப்புக்கு 15,000, துணை இழப்புக்கு 40,000 என்றும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இவை 10 சதவீதம் உயர வேண்டும் என்றும் வகுத்தது. அடுத்த ஆண்டு ஒரு தீர்ப்பு துணை இழப்பைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விரித்தது.

2017-இல் வகுத்த தொகைகளை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்த 32 வயதுக் கொத்தனார் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் இருக்கிறார்கள். 40 சதவீதம் சேர்த்தால் 16,800. நான்கில் ஒரு பங்கு கழித்தால் 12,600. ஆண்டுக்கு 1,51,200. அதை 16-ஆல் பெருக்கினால் 24,19,200. நால்வருக்கும் தலா 40,000 வீதம் 1,60,000, சடங்குக்கும் சொத்து இழப்புக்கும் 30,000 சேர்த்து மொத்தம் 26,09,200 ரூபாய். அதன்மேல் மனுத் தேதியிலிருந்து வட்டி. இரு தரப்பு வக்கீல்களும், ஏன், அனுபவமுள்ள குமாஸ்தாவும்கூட இதை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள்.

காயம்பட்டவரின் கணக்கு இவ்வளவு நேராக இருப்பதில்லை. மருத்துவச் செலவு, உதவியாள் செலவு, சத்துணவு, போக்குவரத்து, வலி வேதனை என்று தலைப்புகள் பல. பெரிய தகராறு ஊனத்தின் மீதுதான். தமிழ்நாட்டில் ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 2,000 ரூபாய், 3,000 ரூபாய் என்று மொத்தமாகத் தரும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஊனத்துக்கு ஒரு தொகை, அதே ஊனத்தால் வந்த வருமான இழப்புக்கு இன்னொன்று என்று இருமுறை தரக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதன் அடிப்படையையே விளக்கியது: மருத்துவர் தரும் சதவீதம் உடலைப் பற்றியது, தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது பிழைப்பை. இடது கை போன தச்சருக்கும் ஓட்டுநருக்கும் வருமானம் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவருக்கு வேலையே போகாமல் இருக்கலாம்.

வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உயிருக்கு விலை காண்பதில்தான் சட்டம் மிகவும் தடுமாறியது. 1994-ஆம் ஆண்டு அட்டவணை, வருமானமில்லாத மனைவியின் மதிப்பைக் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒன்றாக வைத்தது. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நிகழ்ந்த தீ விபத்து தொடர்பான 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இல்லத்தரசியின் உழைப்பு மாதம் 3,000 ரூபாய் என மதிக்கப்பட்டது. 2010-இல் உச்ச நீதிமன்றம் மூன்றிலொரு பங்கு முறையைக் கடுமையாகக் கண்டித்தது. 2021-இல் வந்த ஒரு தீர்ப்பு, இல்லத்தரசிக்கும் வருமானம் கணித்து எதிர்கால உயர்வையும் சேர்க்கலாம் என்றது. வயலிலும் வீட்டிலும் நாள் முழுதும் உழைத்த பெண்களின் குடும்பங்களுக்கு இந்த மாற்றம் மிகப் பெரியது.

தொகையை முன்கூட்டியே கணிக்க முடிகிற இடத்தில்தான் சமரசம் செழிக்கிறது. லோக் அதாலத் 1982-இல் குஜராத்தின் ஜூனாகத் மாவட்டத்தில் தொடங்கி, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தபோது சட்டபூர்வமானது. அதில் முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 2013 முதல் தேசிய லோக் அதாலத் என்று ஒரே நாளில் நாடு முழுதும் அமர்வுகள் நடக்கின்றன. பெருக்கு எண் உறுதியாகிவிட்டதால் அதைப் பற்றி அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. சான்றில்லாத வருமானம் எவ்வளவு, இறந்தவர் பேரிலும் தவறு உண்டா, தலைக்கவசம் இருந்ததா, ஒரே வண்டியில் மூன்று பேர் போனார்களா என்பவைதான் பேச்சு. நிறுவனம் ஒரு தொகை சொல்லும். மனுதாரரின் வக்கீல் தன் கணக்கைச் சொல்லும்போது, தீர்ப்பு வந்து, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடிய இன்னும் எத்தனை ஆண்டு என்பதையும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நிறுவனத்துக்கு வட்டி மிச்சம், குடும்பத்துக்குக் காலம் மிச்சம். ஆனால் பள்ளிக் கட்டணமும் கடனும் நெருக்கும் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் காத்திருக்கும் சக்தி சமமாக இருப்பதில்லை. குறைத்து முடிக்கப்பட்ட சமரசங்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தச் சமமின்மை இருக்கிறது.

போக்குவரத்துக் கழக வழக்குகளில் தீர்ப்பு வந்த பிறகும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. கழகங்கள் நட்டத்தில் ஓடியதால் தொகை கட்டப்படாமல் தேங்கியது. குடும்பங்கள் நிறைவேற்று மனுப் போட்டன. நீதிமன்றம் பேருந்தை ஜப்தி செய்ய உத்தரவிட்டது. நீதிமன்ற ஊழியரான அமீனா பேருந்து நிலையத்துக்குப் போய், பயணிகள் இறங்கியதும் வண்டியை நீதிமன்ற வளாகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். தமிழ்நாட்டு நாளிதழ்களில் இது அடிக்கடி வரும் செய்தி. வண்டி ஒரு நாள் ஓடாவிட்டால் வசூல் போகும் என்பதால் கழகம் ஓரளவு தொகையைக் கட்டி வண்டியை மீட்கும்.

கைக்கு வந்த பணத்தைக் காப்பதும் தனிச் சிக்கல். சிறுவர்களின் பங்கை வயது வரும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும், எழுத்தறிவற்றவர்களின் தொகையையும் மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பே வழிகாட்டியது. இடைத்தரகர்கள் எப்போதும் இருந்தார்கள். 1879-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, நீதிமன்றங்கள் தரகர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டு அவர்களை வளாகத்திலிருந்து விலக்கலாம் என்றது. அமெரிக்காவில் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுவது விபத்து வழக்கு வக்கீல்களின் இயல்பான முறை. இந்தியாவில் வழக்கின் பலனில் பங்கு பேசுவது தொழில் ஒழுக்கக்கேடு என்று 1954-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது, பார் கவுன்சில் விதிகளும் அதைத் தடுக்கின்றன. தடை இருந்தும் சதவீதம் பேசும் பழக்கம் ஒழியவில்லை. பொய் விபத்துகளைக் காட்டி மனுப் போடும் கும்பல்களும் கிளம்பின. உத்தரப் பிரதேசத்தில் அவற்றை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டு, 2021-இல் உச்ச நீதிமன்றம்வரை அது போயிற்று. தொகையைக் காசோலையாகத் தராமல் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்ற உத்தரவுகள் இந்தப் பின்னணியில் வந்தவை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின் இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. டெல்லி உயர் நீதிமன்றம் முன்பு சோதித்துப் பார்த்த முறையைப் பின்பற்றி, காவல் துறையே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தர வேண்டும். நிறுவனம் அதற்கென ஓர் அதிகாரியை நியமித்து, தானாகவே ஒரு தொகையை முன்வைக்க வேண்டும். தவறு யாருடையது என்று பாராமல் சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறும் வழியும் இருக்கிறது. ஏட்டில் உள்ளபடி நடந்தால், குமாஸ்தா ஏறி இறங்கிய வாசல்களில் பாதி குறைந்துவிடும். ஆனால் 1994-இல் நீக்கப்பட்ட ஆறு மாதக் கெடுவை இதே திருத்தம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. எலும்பு கூடாமல் படுக்கையில் கிடப்பவருக்கு ஆறு மாதம் போதாது; அந்தக் கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருக்கிறது.